ஜான் லாங் கண்ட ஜான்சி இராணி

ஜான்சி இராணி இலட்சுமிபாயைத் தம் கண்ணால் கண்டு, அவரோடு பல மணி நேரம் உரையாடி, அச்சந்திப்பைப் பின்னர் விரிவாக எழுதி வெளியிட்டவர் ஜான் லாங் (1816–1864) ஆவார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஐரோப்பிய வம்சாவளியினரான இவர் புதின எழுத்தாளர், இதழாசிரியர், வழக்கறிஞர் எனப் பல முகங்கள் கொண்டவர். 1854 ஆம் ஆண்டில் இராணியின் அழைப்பின்பேரில் ஆக்ராவிலிருந்து ஜான்சிக்குச் சென்றார். அப்பயணத்தைப் பற்றிய அத்தியாயம் 1859 இல் இலண்டனில் வெளியான இவரது ‘வாண்டரிங்ஸ் இன் இந்தியா’ என்னும் நூலில் இடம்பெற்றுள்ளது.

இராணியைப் பற்றிய பாடல்கள், கதைகள், திரைப்படங்கள் ஏராளம். அவருடன் நேரில் பேசியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளோ மிகச் சிலவே. போர்க்களத்துக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், சட்டத்தின் வழியே தம் நாட்டை மீட்க முயன்றுகொண்டிருந்த ஓர் இளம் கைம்பெண்ணை லாங்கின் குறிப்பு காட்டுகிறது. இந்தியர் பலரும் அறிந்த இராணியின் புகழ்பெற்ற மறுப்புரை முதன்முதலில் அச்சேறியதும் இந்நூலின் வழியாகவே என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

பின்னணி

ஜான்சி, புந்தேல்கண்ட் பகுதியில் (இன்றைய உத்தரப் பிரதேசம்) அமைந்திருந்த சிறிய மராத்திய அரசு. நேவால்கர் குடும்பத்தினர் முதலில் பேஷ்வாக்களின் சுபேதார்களாக இதனை நிர்வகித்தனர். 1817 இல் கிழக்கிந்தியக் கம்பனி இராமச்சந்திர ராவுடன் செய்துகொண்ட உடன்படிக்கை, அவரையும் அவருடைய வாரிசுகளையும் பரம்பரை ஆட்சியாளர்களாக ஏற்றுக்கொண்டது. இந்த ‘வாரிசு’ என்ற சொல்லுக்குள் தத்துப் பிள்ளை அடங்குவாரா என்பதே பிற்காலத்தில் எழுந்த சிக்கலின் மையமாகும்.

வாரணாசியில் பிறந்து பித்தூரில் வளர்ந்த மணிகர்ணிகா, 1842 இல் மன்னர் கங்காதர ராவை மணந்து இலட்சுமிபாய் எனப் பெயர் பெற்றார். இவர்களுக்கு 1851 இல் பிறந்த ஆண் குழந்தை சில மாதங்களிலேயே இறந்துவிட்டது. நோயுற்றிருந்த மன்னர், 1853 நவம்பர் 20 அன்று உறவினர் மகனான ஆனந்த ராவ் என்னும் ஐந்து வயதுச் சிறுவனை ஆங்கிலேய அதிகாரிகளின் முன்னிலையில் தத்தெடுத்து, தாமோதர ராவ் எனப் பெயரிட்டார். மறுநாள் அவர் இறந்தார்.

அப்போது தலைமை ஆளுநராக இருந்தவர் டல்ஹவுசி பிரபு. உடலிற் பிறந்த ஆண் வாரிசு இல்லாத சார்பு அரசுகளைக் கம்பனி ஆட்சியுடன் இணைத்துக்கொள்ளும் ‘வாரிசு இழப்புக் கொள்கை’யின்படி சதாரா (1848), சம்பல்பூர் (1849) ஆகியவை ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தன. இந்து சமய நெறிப்படி தத்துப் பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்கும் வேறுபாடில்லை என்றும், அண்டை அரசுகளான ஓர்ச்சா, ததியா ஆகியவற்றில் தத்து உரிமையைக் கம்பனியே ஏற்றுள்ளது என்றும் இராணி எழுதிய மடல்கள் எடுத்துக்காட்டின. ஜான்சியில் இருந்த கம்பனியின் அரசியல் அதிகாரி எல்லிஸ் கூட இராணியின் கோரிக்கைக்கு ஆதரவாகவே எழுதினார். ஆயினும், ஜான்சி பேஷ்வாவின் கீழிருந்த சார்பு அரசு, பேஷ்வாவின் மேலுரிமை கம்பனிக்கு வந்துவிட்டது, ஆகவே தத்தை ஏற்பதும் மறுப்பதும் கம்பனியின் விருப்பம் என்று டல்ஹவுசி முடிவுசெய்தார். 1854 தொடக்கத்தில் இணைப்பு ஆணை பிறந்தது. இராணிக்கு மாதம் 5,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 60,000 ரூபாய், ஓய்வூதியம் என்று அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதனோடு ஒப்பிட அருகிலேயே ஒரு நிகழ்வு உண்டு. தஞ்சாவூரின் கடைசி மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855 இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது அவ்வரசின் பெயரளவு உரிமையும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய அரசி காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்காடி வெற்றி பெற்றார். ஆனால் 1859 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அரசு என்ற முறையில் கம்பனி செய்த செயலை உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்பது அதன் காரணம். இலட்சுமிபாய் எந்த வகைச் சுவரோடு மோதினார் என்பதை இத்தீர்ப்பு நன்கு விளக்குகிறது.

ஜான் லாங்

லாங் 1816 டிசம்பர் 19 அன்று சிட்னியை அடுத்த பாரமட்டாவில் பிறந்தார். இங்கிலாந்தில் சட்டம் பயின்று, 1841 இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்று, 1842 இல் கல்கத்தா வந்துசேர்ந்தார். இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். 1845 இல் ‘மொஃபசிலைட்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். தலைநகருக்கு வெளியேயுள்ள ஊர்களைக் குறிக்கும் ‘மொஃபசல்’ என்ற சொல்லே அதன் பெயருக்கு மூலம் (நம் பேருந்து நிலையப் பலகைகளில் இன்றும் காணப்படும் ‘மொபசல்’ அதுவேயாகும்). பின்னர் வட இந்தியப் படைமுகாம் நகரங்களுக்கு இடம்பெயர்ந்த இவ்விதழ், கம்பனி அதிகாரிகளைக் கிண்டல் செய்வதில் பெயர் பெற்றது. லாங் ‘த ஃபோர்ஜர்ஸ் வைஃப்’ முதலிய புதினங்களையும் எழுதினார். ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்த முதல் புதின எழுத்தாளராகப் பலர் இவரைக் குறிப்பிடுவர்.

இந்தியர்களிடையே இவருடைய பெயரை நிலைநாட்டியது 1851 இல் ஆக்ராவில் நடந்த ஒரு வழக்கு ஆகும். ஆப்கானிய, சீக்கியப் போர்களில் கம்பனிப் படைகளுக்கு உணவும் தளவாடமும் வழங்கிய ஒப்பந்தக்காரர் ஜோதி பிரசாத், தமக்கு வரவேண்டிய பெருந்தொகையைக் கேட்டபோது, அவர்மீதே மோசடி வழக்குத் தொடரப்பட்டது. லாங் அவருக்காக வாதாடி வென்றார். கம்பனியை நீதிமன்றத்தில் தோற்கடித்த ஒரு வெள்ளைக்கார வக்கீல் இருக்கிறார் என்ற செய்தி அரண்மனைகளையும் எட்டியிருக்க வேண்டும். முன்னர் அப்பகுதியில் தலைமை ஆளுநரின் முகவராக இருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் யோசனைப்படியே இராணி தம்மை நாடியதாக லாங் எழுதுகிறார். இணைப்பு அநீதியானது என்று கருதிய அதிகாரிகள் கம்பனிக்குள்ளேயே இருந்தனர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அழைப்பும் பயணமும்

இணைப்பு ஆணை வெளியாகி ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்த நிலையில், தங்கத் தாளில் பாரசீக மொழியில் எழுதப்பட்ட மடல் ஒன்று ஆக்ராவிலிருந்த லாங்கிடம் வந்தது. மறைந்த மன்னரின் நிதி அமைச்சரும் இராணியின் தலைமை வக்கீலும் அதனை நேரில் கொண்டுவந்தனர்.

லாங் மாலையில் பல்லக்கு ஏறி மறுநாள் விடியலில் குவாலியர் சேர்ந்தார். அங்கிருந்து பயணம் செய்ய இராணி அனுப்பியிருந்த வண்டி, வண்டி என்பதைவிட ஒரு சிறு அறை என்றே சொல்லத்தக்கதாக இருந்தது. உள்ளே பங்கா (தொங்கு விசிறி) கட்டப்பட்டிருந்தது. வெளியே படிப்பலகையில் அமர்ந்த பணியாள் அதனை இழுத்துக்கொண்டே வந்தார். மற்றொரு பணியாள் குளிர்விக்கும் கலத்தை முழங்கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு தண்ணீரையும் மதுவையும் குளிரூட்டியபடி இருந்தார். வண்டியை இழுத்தவை மன்னர் பிரான்சிலிருந்து வரவழைத்த உயர்ந்த குதிரைகள். கரடுமுரடான சாலையில் மணிக்குச் சராசரியாக ஒன்பது மைல் வேகத்தில் சென்றதாக லாங் கணக்கிடுகிறார்.

பிற்பகல் இரண்டு மணியளவில் ஜான்சி எல்லைக்குள் நுழைந்ததும், நான்கு பேராக இருந்த குதிரைவீரர் காவல் ஐம்பதாகியது. வழிநெடுக நின்ற வீரர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, கோட்டை கண்ணுக்குத் தென்பட்டபோது ஜான்சியின் குதிரைப்படை முழுவதும் உடன் வந்துகொண்டிருந்தது. நாட்டின் மொத்தப் படையே ஆயிரம் பேருக்கும் குறைவுதான் என்பதையும் லாங் குறிப்பிடத் தவறவில்லை. பழைய பீரங்கிகள் சில ஏற்றப்பட்ட அம்மதில்கள் கோட்டை என்ற பெயருக்குத் தகுமா என்பது அவருடைய ஐயம். 1858 இல் அதே மதில்களைத் தகர்க்க ஹியூ ரோசின் படை இரண்டு வாரம் போராட நேர்ந்தது.

‘இராஜாவின் தோட்டம்’ எனப்பட்ட இடத்தில், மாபெரும் மாமரங்களின் நிழலில் அமைந்த கூடாரத்தில் லாங் தங்கவைக்கப்பட்டார். மன்னர் ஆங்கிலேய அதிகாரிகளை வரவேற்கப் பயன்படுத்திய கூடாரம் அது.

காலணியும் தொப்பியும்

சந்திப்புக்கான நல்ல வேளையை அரண்மனை அந்தணர்கள் குறித்திருந்தனர். கதிரவன் மறைவுக்கும் முழுநிலவின் எழுச்சிக்கும் இடைப்பட்ட நேரம் அது. அதற்குமுன் தீர்க்கவேண்டிய சிக்கல் ஒன்று இருந்தது. இராணியின் அறைக்குள் நுழையுமுன் லாங் காலணியைக் கழற்ற இசைவாரா என்று நிதி அமைச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

நம் வாசகர்களுக்கு இது கேள்வியாகவே தோன்றாது. ஆனால் அக்காலத்து ஆங்கிலேயருக்கு இது கௌரவப் பிரச்சினை. காலணி கழற்ற வேண்டும் என்பதற்காகவே தில்லி மன்னரைக் காணும் வாய்ப்பை லாங் தவிர்த்திருந்தார். தலைமை ஆளுநரின் முகவர் என்ன செய்வார் என்று அவர் கேட்டார். முகவர் எவரும் இராணியைச் சந்தித்ததே இல்லை, மன்னர் காலத்திலும் ஐரோப்பியர் எவரும் அரண்மனையின் உள்ளறைகளில் வரவேற்கப்பட்டதில்லை என்பது விடை. இங்கிலாந்து அரசியின் அவைக்குச் செல்ல நேர்ந்தால் தலைப்பாகையைக் கழற்றுவீரா என்று லாங் எதிர்க்கேள்வி கேட்டார். ஐயா தாராளமாகத் தொப்பியை அணிந்தே வரலாம், இராணி அதனைக் கூடுதல் மரியாதையாகவே கொள்வார் என்று அமைச்சர் சொல்லிவிட்டார்! தொப்பியை அணிந்திருப்பதைத் தமக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட ஒரு சலுகையாகக் காட்ட நினைத்த லாங்கின் திட்டம் அத்துடன் பாழாயிற்று. இறுதியில் காலணியைக் கழற்ற ஒப்புக்கொண்டார். அது இராணியின் பதவிக்காக அன்று, அவர் பெண் என்பதற்காக மட்டுமே என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளை யானை ஒன்றின்மேல் சிவப்பு வெல்வெட் விரித்த வெள்ளி அம்பாரியில் அவர் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அமைச்சர்கள் வெண்ணிற அரபுக் குதிரைகளில் இருபுறமும் வந்தனர். நாட்டை இழந்துவிட்டதாகக் கம்பனி அறிவித்த பிறகும், அரசுக்குரிய மரபுகள் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதை வந்தவருக்குக் காட்டுவதே இந்த ஏற்பாடுகளின் நோக்கமாக இருந்திருக்கலாம்.

திரைக்கு முன்னே

பல அறைகளைக் கடந்து, கம்பளம் விரித்த அறை ஒன்றில் லாங் அமர்த்தப்பட்டார். அங்கிருந்த ஐரோப்பிய நாற்காலியைச் சுற்றி மலர்மாலைகள் பரப்பப்பட்டிருந்தன. ஜான்சி மணமிக்க மலர்களுக்குப் பெயர் பெற்ற ஊர் என்கிறார் அவர். அமர்ந்ததும் பழக்கத்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு, உறுதிமொழி நினைவுக்கு வர, மீண்டும் நெற்றிவரை இழுத்து அணிந்துகொண்டார். பங்காவின் காற்று தலையில் படாமல் போனதுதான் அதனால் கண்ட பயன் என்று தம்மையே நகையாடிக்கொள்கிறார்.

அறையின் ஒரு கோடியில் திரை தொங்கியது. அதன் பின்னிருந்து, வந்திருக்கும் துரையிடம் போகும்படி ஒரு குழந்தையைப் பெண்கள் பலர் வற்புறுத்தும் குரல் கேட்டது. சற்று நேரத்தில் அணிகலன்கள் பூண்ட சிறுவன் ஒருவன் தயங்கியபடி வெளியே வந்தான். அவனே தாமோதர ராவ். லாங் அவனோடு பேசிக்கொண்டிருக்கையில், இவன்தான் தலைமை ஆளுநரால் உரிமை பறிக்கப்பட்ட மகாராஜா என்று திரைக்குப் பின்னிருந்து ஒரு கரகரத்த குரல் அறிவித்தது. யாரோ வயதான பணிப்பெண் என்று லாங் எண்ணினார். சிறுவன் அக்குரலுக்கு ‘மகாராணி’ என்று மறுமொழி கூறியபோதே பேசியவர் யார் என்பது அவருக்கு விளங்கியது.

பின்னர் இராணி அவரைத் திரைக்கு அருகில் அழைத்துத் தம் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அவர் நிறுத்திய போதெல்லாம் சூழ்ந்திருந்த பெண்கள் ஐயோ, என்ன கொடுமை என்று கூட்டாகப் புலம்பினர். கிரேக்க நாடகத்தின் கூட்டுப்பாடகர் குழு லாங்கின் நினைவுக்கு வந்தது. நம் ஊர் ஒப்பாரியை அறிந்தவர்களுக்கு அவ்வளவு தொலைவு செல்லவேண்டிய தேவையில்லை. கணவரை இழந்து ஆறு மாதங்கூட நிறைவுறாத வீடு அது.

கணநேரக் காட்சி

இராணி அழகானவர் என்றும், வயது இருபத்தாறு அல்லது இருபத்தேழு என்றும் வக்கீல் முன்பே கூறியிருந்ததால், அவரைக் காணும் ஆவல் லாங்குக்கு இருந்தது. அப்போது சிறுவன் திரையை விலக்கிவிட்டான். தற்செயலாகவா, இராணியின் குறிப்பின்படியா என்பது தமக்குத் தெரியாது என்கிறார் லாங். இமைப்பொழுதே நீடித்த அக்காட்சியிலிருந்து அவர் தரும் செய்திகள் பின்வருமாறு: இராணி நடுத்தர உயரமும் சற்றுப் பூசிய உடலும் உடையவர். முகம் வட்டமானது. இளமையில் மிக அழகாக இருந்திருக்க வேண்டும், அப்போதும் கவர்ச்சி குன்றவில்லை. அறிவு துலங்கும் முகபாவம், சிறப்பான கண்கள், நேர்த்தியான மூக்கு. நிறம் மிகச் சிவப்புமன்று, கறுப்புமன்று. காதில் தங்கத் தோடுகள் தவிர வேறு நகை எதுவும் இல்லை. உடை மெல்லிய வெள்ளை மஸ்லின். அவரிடம் குறை என்று சொன்னால் அது குரல்தான் என்பது லாங்கின் கருத்து.

இருபத்தாறு வயதுப் பெண்ணைப் பற்றி ‘இளமையில் அழகாக இருந்திருப்பார்’ என்று எழுதுவது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும். நகையின்மையும் வெள்ளாடையும் கைம்மைக் கோலம் என்பதை லாங் விளக்கிச் சொல்லவில்லை. வெறும் எளிமை என்பது போலவே கடந்து செல்கிறார். குரலைப் பற்றிய தீர்ப்பும் அவ்வாறே. பல வாரங்களாக மறுப்பு மடல்களையே பெற்றுவந்த ஒருவர், அயலான் ஒருவனிடம் திரைக்குப் பின்னிருந்து முறையிடும் குரல் அது.

தாம் காணப்பட்டதில் இராணி சினந்தவர் போல் காட்டிக்கொண்டாலும், பின்னர் சிரித்துவிட்டு, தம்மைக் கண்டதனால் தம் வழக்கின்மேல் அவருக்குள்ள பரிவு குறைந்துவிடக் கூடாது என்றார். தலைமை ஆளுநருக்கும் இக்காட்சி ஒரு கணம் வாய்த்திருந்தால் ஜான்சியை உடனே திருப்பித் தந்திருப்பார் என்ற பொருளில் லாங் பதிலளித்தார். அடுத்த பத்து நிமிடங்கள் இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வதில் கழிந்தன. திறமான பேச்சுவன்மையில் இராணி சற்றும் பின்தங்கவில்லை என்பது அவர் தரும் உரையாடலிலிருந்து தெரிகிறது.

சட்ட ஆலோசனை

இதன் பிறகே உண்மையான பேச்சு தொடங்கியது. இங்கிலாந்தின் ஒப்புதல் இன்றித் தலைமை ஆளுநரே நினைத்தாலும் நாட்டைத் திருப்பித் தர இயலாது என்று லாங் விளக்கினார். ஆகவே பிரித்தானிய முடியரசுக்கு விண்ணப்பம் செய்யவேண்டும். அதுவரை, தத்துப் பிள்ளையின் உரிமையை இது பாதிக்காது என்ற ஆட்சேபத்தைப் பதிவுசெய்துகொண்டு ஓய்வூதியத்தைப் பெற்றுவர வேண்டும். வழக்கறிஞர் என்ற நிலையிலிருந்து பார்த்தால் இது பிழையற்ற யோசனையே.

இராணி முதலில் இதற்கு உடன்படவில்லை. தம் ஜான்சியைத் தரப்போவதில்லை என்று உரத்துக் கூறினார். இந்தியாவெங்கும் பள்ளிப் பாடங்களிலும் மேடைகளிலும் முழங்கும் அந்த மறுப்புரை இதுதான். நாடகங்களிலும் திரைப்படங்களிலும் இராணி வாளேந்தி, ஆங்கிலேய அதிகாரியின் முகத்துக்கு நேரே இதனைக் கூறுவது வழக்கம். லாங்கின் குறிப்பிலோ அது எதிரியிடம் கூறப்பட்டதன்று. இரவு நேரத்தில், திரைக்குப் பின்னிருந்து, பணிந்துபோகும்படி அறிவுரை கூறிய தம் சொந்த வக்கீலிடம் கூறப்பட்டது. அந்த இந்துஸ்தானித் தொடரை ஒலிவடிவிலேயே லாங் எழுதியுள்ளார். அதில் பால் பொருத்தம் பிழைபட்டிருப்பதால், பின்னாளில் நினைவிலிருந்து எழுதினார் எனக் கொள்ள இடமுண்டு. இன்று வழங்கும் திருத்தமான வடிவம் பிறரால் சீர்செய்யப்பட்டதாகும்.

எதிர்ப்பதால் பயனில்லை என்பதை லாங் பக்குவமாக எடுத்துச் சொன்னார். சிப்பாய்ப் படைப்பிரிவு ஒன்றும் பீரங்கிகளும் அரண்மனையிலிருந்து மூன்று நாள் நடைத்தொலைவிலேயே இருப்பதைத் தெரிவித்தார். சிறு எதிர்ப்புக் காட்டினாலும் மீதமுள்ள நம்பிக்கையும், அவருடைய சுதந்திரமுங்கூடப் பறிபோகும் என்று எச்சரித்தார். ஜான்சி மக்கள் கம்பனி ஆட்சியை விரும்பவில்லை என்று இராணியும் வக்கீலும் கூறியதே இவ்வெச்சரிக்கைக்குக் காரணம். அதாவது, எதிர்த்துப் போரிடலாமா என்ற எண்ணம் 1854 இலேயே அந்த அறையில் பேசப்படாமல் இல்லை.

நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குப் பிறகே லாங் அரண்மனையை விட்டு வெளியேறினார். மற்றவற்றில் இராணியைத் தம் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஓய்வூதியத்தை மட்டும் இராணி அப்போது ஏற்கவில்லை.

மறுநாள் குவாலியர் வழியாகத் திரும்பிய லாங்குக்கு இராணி ஒரு யானை, ஓர் ஒட்டகம், ஓர் அரபுக் குதிரை, வேட்டை நாய்கள் இரண்டு, ஜான்சியில் நெய்த பட்டுத் துணிகள், இரண்டு சால்வைகள் ஆகியவற்றைப் பரிசளித்தார். மறுத்தால் இராணி மனம் வருந்துவார் என்று அமைச்சர் வேண்டியதால் ஏற்றதாக லாங் கூறுகிறார். இந்திய ஓவியர் ஒருவர் தீட்டிய தம் உருவப்படத்தையும் இராணி அளித்தார். திரைக்குப் பின்னிருந்து பேசிய அரசி தம் படத்தை அயலாருக்கு அளித்தது கருதத்தக்கது.

குறிப்பின் நம்பகத்தன்மை

லாங் நாட்குறிப்பு வெளியிடவில்லை. சில ஆண்டுகள் கழித்து, வாசகரை மகிழ்விக்கும் நோக்கில் எழுதினார். நூலிலுள்ள கட்டுரைகளில் பல, சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ வார இதழில் முன்னர் வெளிவந்தவை. எனவே தொப்பி பற்றிய பேரம் போன்ற பகுதிகளில் கதாசிரியரின் கை தெரிகிறது. செய்திப் பிழைகளும் உண்டு. மன்னர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் தத்தெடுத்ததாக அவர் எழுதியிருக்க, தத்தெடுப்பு நடந்தது இறப்புக்கு முந்தைய நாளில்தான். சிறுவனின் வயதும் ஓராண்டு கூடியுள்ளது.

மறுபுறம், இராணியின் பிறந்த ஆண்டு 1828 என்றும் 1835 என்றும் இருவேறாகக் கூறப்படும் நிலையில், லாங் தரும் வயது முதலாவதற்கே பொருந்துகிறது. அது வக்கீல் சொல்லக் கேட்டதே எனினும், முகத்தைக் கண்டபின் அவர் அதனை மறுக்கவில்லை. ஓய்வூதியத் தொகை, படையின் இருப்பு ஆகியவையும் பிற பதிவுகளோடு முரண்படவில்லை.

நூல் வெளிவந்த காலத்தையும் கருத்திற் கொள்ள வேண்டும். 1857 எழுச்சிக்குப் பின் ஆங்கிலேய வாசகர்களிடையே இராணியின் பெயர் வெறுப்புக்குரியதாகி இருந்தது. லாங்கும் அத்தியாயத்தின் முடிவில் அவரை நானா சாகிபோடு சேர்த்துக் கடுமையாகவே பேசுகிறார். ஆனால் அதே மூச்சில், இருவருக்கும் இருந்த குறை ஒன்றே, அதாவது தத்துரிமை மறுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறார். அதற்கு முன்னுள்ள பக்கங்களிலோ தம் கட்சிக்காரர்பால் ஒரு வழக்கறிஞருக்குரிய பரிவு மாறாமல் இருக்கிறது.

இதனோடு ஒப்பிடத்தக்கது விஷ்ணுபட் கோட்சே என்னும் மராத்திய அந்தணர் எழுதிய ‘மாஜா பிரவாஸ்’ (1907 இல் அச்சானது). முற்றுகைக் காலத்தில் ஜான்சியில் இருந்த அவர், ஆணுடையில் அவைக்கு வரும் இராணியையும் வெள்ளைப் புடவை அணிந்த இராணியையும் காட்டுகிறார். திரைக்குப் பின்னிருந்த பெண் மூன்றே ஆண்டுகளில் குதிரைமேல் ஏறியது எவ்வாறு என்பதை உணர இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

பின்னர் நடந்தவை

இராணியின் முறையீட்டைக் கம்பனியின் இயக்குநர் அவை 1854 ஆகஸ்டில் நிராகரித்தது. மறைந்த மன்னரின் கடன்களை இராணியின் ஓய்வூதியத்திலிருந்து ஈடுசெய்யும் முயற்சி, ஜான்சியில் பசுவதைக்கு அளிக்கப்பட்ட அனுமதி ஆகியவை கசப்பைப் பெருக்கின. 1857 ஜூனில் ஜான்சிச் சிப்பாய்கள் எழுச்சி செய்து, கோட்டையில் தஞ்சம் புகுந்த ஐரோப்பியரைக் கொன்றனர். இதில் இராணிக்குப் பங்கு உண்டா என்பது வரலாற்றாசிரியரிடையே இன்றும் விவாதத்துக்குரியது. 1858 மார்ச்சில் ஹியூ ரோஸ் ஜான்சியை முற்றுகையிட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் நகர் வீழ, இராணி தப்பிச் சென்று கல்பியிலும் குவாலியரிலும் போரைத் தொடர்ந்தார். ஜூன் 17 அல்லது 18 அன்று குவாலியருக்கு அருகில் போர்க்களத்தில் உயிரிழந்தார். லாங்கிடம் தயங்கித் தயங்கி வந்து திரையை விலக்கிய சிறுவன் தாமோதர ராவ், இந்தூரில் சிறிய ஓய்வூதியத்தில் வாழ்ந்து 1906 இல் காலமானார்.

1943 இல் சிங்கப்பூரில் இந்தியத் தேசிய இராணுவம் அமைத்த பெண்கள் படைக்கு ஜான்சி இராணியின் பெயர் சூட்டப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன். அதில் சேர்ந்தவர்களுள் மலாயா இரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் கணிசமானோர்.

லாங் 1864 ஆகஸ்ட் 20 அன்று முசூரியில் காலமானார். அங்குள்ள கேமல்ஸ் பேக் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் மறைந்துகிடந்த அவருடைய கல்லறையை, முசூரியில் வாழும் எழுத்தாளர் ரஸ்கின் பாண்ட் 1964 இல் கண்டறிந்தார். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியா சென்ற இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி, இராணிக்காக லாங் ஆற்றிய சட்டப் பணி தொடர்பான ஆவணப் படிகளை அந்நாட்டுப் பிரதமர் டோனி அபட்டுக்கு நினைவுப் பரிசாக வழங்கினார்.